மஞ்சள் மறைந்தது, நோய் மறையவில்லை!

காமாலைக்கு ஸ்டீராய்டு கொடுத்த டாக்டர்கள் கற்ற பாடம்

ஒரே மருந்து. ஒருவருக்கு அது உயிர் கொடுக்கிறது. இன்னொருவருக்கு அதுவே உயிருக்கு உலை வைக்கிறது.

இரண்டு பேருக்கும் கல்லீரலில் நோய். இரண்டு பேருக்கும் கண் மஞ்சள். இரண்டு பேருக்கும் சோர்வு. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒருவர் பிழைக்கிறார். மற்றவர் மோசமாகிறார்.

இப்படி இரண்டு முகம் காட்டும் மருந்துதான் ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு என்பது புதுப் பொருள் அல்ல. ஆஸ்துமாக்காரர்களுக்கும், மூட்டு வாதக்காரர்களுக்கும், தோல் நோய்க்காரர்களுக்கும் டாக்டர்கள் தினந்தோறும் எழுதிக் கொடுக்கும் மருந்துதான். பிரட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் ஆகியவை எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 2020-ம் ஆண்டில் கொரோனா நோய் கடுமையாகி, பிராண வாயு வைக்கும் நிலைக்கு வந்தவர்களில் பலரைக் காப்பாற்றியதும் டெக்சாமெத்தசோன்தான்.

அப்படியானால், வைரஸ் கிருமியால் வரும் காமாலைக்கு இதைக் கொடுக்கலாமா?

சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்குச் சரியான விடை காண டாக்டர்களுக்கு 30 ஆண்டுகள் பிடித்தன. அந்த விடையைத் தெரிந்து கொள்ள வேண்டிய அவசியம் இன்று முன்னை விட அதிகமாக இருக்கிறது.

காரணம் இதுதான்: உலக சுகாதார நிறுவனம் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, உலகத்தில் 25 கோடியே 40 லட்சம் பேர் 'பி' வகைக் காமாலைக் கிருமியை உடலில் சுமந்து வாழ்கிறார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர்! உலக அளவில், இப்படிச் சுமப்பவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் தங்கள் உடலில் கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது.

மற்றவர்களுக்குத் தெரியாது. நோய் இருப்பதே தெரியாத ஒருவர் மூட்டு வலிக்கு என்று ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும்? பழைய ஆராய்ச்சிக் கதைக்குள்தான் அதற்கு விடை இருக்கிறது.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

வலது பக்க விலா எலும்புகளுக்குக் கீழே இருப்பது கல்லீரல். எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. சாப்பிடும் சாப்பாட்டைச் சத்தாக மாற்றுவதும், ரத்தத்தில் உள்ள நஞ்சை முறிப்பதும் அதன் வேலைகள்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் ஏறக்குறைய 120 நாள்தான் உயிரோடு இருக்கும். அவை அழியும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அந்த மஞ்சளைக் கல்லீரல் வாங்கி, பித்த நீரோடு சேர்த்து, குடல் வழியாக வெளியே தள்ளி விடுகிறது.

கல்லீரலுக்கு நோய் வந்தால் இந்த வேலை நின்று போகிறது. மஞ்சள் ரத்தத்தில் தேங்குகிறது. கண்ணில் தெரிகிறது. சிறுநீரில் தெரிகிறது. இதுதான் காமாலை.

ஆகவே காமாலை என்பது நோயின் பெயர் அல்ல, நோயின் அடையாளம். வீட்டில் நெருப்புப் பற்றினால் கூரை மேல் புகை தெரிவது போல, ஈரல் கெட்டால் கண்ணில் மஞ்சள் தெரிகிறது. புகையை விரட்டினால் நெருப்பு அணையாது. இதை மனதில் வைத்துக் கொண்டால், பின்னால் நடந்தது எளிதாக விளங்கும்.

கல்லீரலைத் தாக்கும் முக்கியமான வைரஸ் கிருமிகள் ஐந்து. அவற்றுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏ, ஈ இரண்டும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவுகின்றன. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகி விடும். பி, சி இரண்டும் ரத்தத்தின் மூலம் பரவுகின்றன. இவை பல ஆண்டுகள் உடலில் தங்கி, ஈரலைச் சுருக்கி, புற்றுநோய் வரை கொண்டு போய் விடக் கூடியவை. டி கிருமி, பி கிருமியின் தோள் மேல் ஏறி வருவது, தனியாக வராது.

காமாலை காட்டிய மருந்து

ஸ்டீராய்டு மருந்து பிறந்த கதையிலேயே காமாலை இருக்கிறது. விந்தைதான்!

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர். அங்கே மேயோ கிளினிக் என்ற புகழ்பெற்ற ஆஸ்பத்திரி இருக்கிறது. அதில் பிலிப் ஹென்ச் என்பவர் மூட்டு நோய் நிபுணராக இருந்தார்.

1929-ல் அவரிடம் 65 வயதான ஒரு நோயாளி வந்தார். கடுமையான முடக்கு வாதம். ஆனால் அவர் ஓர் அதிசயத்தைச் சொன்னார். தமக்குக் காமாலை வந்ததாகவும், வந்த சில நாளிலேயே மூட்டு வலி பறந்து விட்டதாகவும் அவர் கூறினார்.

ஹென்ச் அதைச் சிரித்துத் தள்ளி விடவில்லை. மற்ற நோயாளிகளிடமும் கவனித்துப் பார்த்தார். அது உண்மைதான்! காமாலை வந்தால் மூட்டு வாதம் தணிந்தது. கர்ப்பமான பெண்களுக்கும் அப்படியே தணிந்தது.

'இந்த நேரங்களில் உடல் தானாகவே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது. அது என்ன?' என்று ஹென்ச் தேடினார். அதே ஆஸ்பத்திரியில் எட்வர்ட் கெண்டல் என்ற ரசாயன நிபுணர் இருந்தார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் சாற்றை அவர் ஆராய்ந்து வந்தார். இருவரும் கூடிப் பேசினார்கள். அந்தச் சாற்றில் உள்ள ஒரு பொருளைக் கொடுத்துப் பார்க்க முடிவு செய்தார்கள்.

1948 செப்டம்பர் 21. முடக்கு வாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி போடப்பட்டது. ஒரு வாரத்தில் அந்தப் பெண் எழுந்து கடைவீதிக்குப் போய் வந்தார்!

அந்தப் பொருள்தான் கார்ட்டிசோன். அதை அதிக அளவில் தயாரிக்க மருந்துக் கம்பெனி பயன்படுத்திய மூலப்பொருள் எது தெரியுமா? மாட்டின் பித்த நீர்!

1950-ல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்து நாட்டு ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1955-ல் கார்ட்டிசோனை விடச் சக்தி வாய்ந்த தம்பியும் வந்து சேர்ந்தது. அதுதான் பிரட்னிசோன், பிரட்னிசோலோன் வகை. உலகமே ஸ்டீராய்டைக் கொண்டாடியது.

வெள்ளையடித்த சுவர்

வீக்கம் எங்கே இருந்தாலும் ஸ்டீராய்டு தணிக்கிறது. கல்லீரல் வீக்கத்தையும் தணிக்காதா? 1950-ம் ஆண்டுகளில் டாக்டர்கள் இப்படி நினைத்தது நியாயந்தான்.

காமாலை நோயாளிகளுக்குக் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கண் முன்னே தெரிந்தது. சோறு என்றாலே ஓங்கரித்த நோயாளி பசிக்கிறது என்றார். முகம் தெளிந்தது. ரத்தத்தில் மஞ்சள் மளமளவென்று இறங்கியது. நோயாளியின் குடும்பத்தாருக்கு மகிழ்ச்சி. டாக்டருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் மருந்தை நிறுத்தியதும் பலருக்குக் காமாலை திரும்பி வந்தது. மருந்தே சாப்பிடாதவர்களை விட, மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது.

டாக்டர்கள் உற்றுப் பார்த்தார்கள். ஈரல் தேறாமலேயே ரத்தத்தில் உள்ள மஞ்சளை மட்டும் ஸ்டீராய்டு குறைத்து விடுகிறது என்பது தெரிந்தது. இதற்கு ஆங்கில டாக்டர்கள் ஒரு பெயரே வைத்தார்கள்: 'ஸ்டீராய்டு வெள்ளையடிப்பு'.

எவ்வளவு பொருத்தமான பெயர்! ஓதம் ஏறிய சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். உள்ளே செங்கல் அரித்துக் கொண்டுதான் இருக்கும்.

லண்டனில் கிடைத்த வெற்றி

சில வாரங்களில் தீர்ந்து விடும் காமாலை ஒரு பக்கம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஈரலைத் தின்று கொண்டே இருக்கும் நீடித்த நோய் இன்னொரு பக்கம். இந்த நீடித்த நோய்க்கு ஸ்டீராய்டு பயன்படுமா?

இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஷீலா ஷெர்லாக் என்ற பெண் டாக்டர். லண்டன் ராயல் ப்ரீ ஆஸ்பத்திரியில் 1959-ல் அவர் பேராசிரியர் ஆனார். பிரிட்டன் நாட்டில் மருத்துவத் துறையில் அந்தப் பதவியைப் பெற்ற முதல் பெண் அவரே. கல்லீரல் நோய்க்கென்று தனி வைத்தியத் துறை வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அவரும் அவர் குழுவினரும் நீடித்த ஈரல் நோய் உள்ள 49 பேரை எடுத்துக் கொண்டார்கள். 22 பேருக்குப் பிரட்னிசோலோன் கொடுத்தார்கள். 27 பேருக்குக் கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் கவனித்தார்கள். 1971-ல் முடிவு வெளியாயிற்று.

மருந்து சாப்பிட்ட 22 பேரில் இறந்தவர்கள் 3 பேர்.

மருந்து சாப்பிடாத 27 பேரில் இறந்தவர்கள் 15 பேர்!

இது வெள்ளையடிப்பு அல்ல, உண்மையான வெற்றி. அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர்கள் 1972-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் இதே போன்ற நல்ல பலன் தெரிந்தது.

'நீடித்த ஈரல் நோய்க்கு மருந்து கிடைத்து விட்டது' என்று பல நாட்டு டாக்டர்கள் ஸ்டீராய்டு கொடுக்கத் தொடங்கினார்கள். இங்கேதான் ஒரு பெரிய தவறு நுழைந்தது.

பெயர் ஒன்று, நோய் வேறு

லண்டனில் பிழைத்தவர்களுக்கு வந்த நோய் எது? அவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ் கிருமியே காரணம் அல்ல. அவர்களுடைய உடம்பின் காவல் அணுக்களே புத்தி தடுமாறி, சொந்த ஈரலைப் பகையாளி என்று எண்ணித் தாக்கிக் கொண்டிருந்தன. பெண்களுக்கே அதிகமாக வரும் இந்த நோயைத் 'தன் எதிர்ப்பு ஈரல் அழற்சி' என்று சொல்லலாம். வேலி பயிரை மேய்ந்த கதை!

மேய்கிற வேலியை அடக்குவதுதான் அதற்கு வைத்தியம். ஸ்டீராய்டு அதைச் செய்தது. நோயாளி பிழைத்தார்.

ஆனால் சீனா, ஆங்காங், தைவான் போன்ற ஆசியப் பகுதிகளில் நீடித்த ஈரல் நோய்க்கு முக்கியக் காரணம் பி வைரஸ் கிருமி. தாயிடமிருந்து பிறக்கும்போதே குழந்தைக்கு அது தொற்றி விடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கி விடுகிறது. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால், நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே தங்குகிறது.

இரண்டு நோய்க்கும் அந்தக் காலத்தில் ஒரே பெயர்தான். ஆனால் ஒன்றில் பகைவன் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காவல்காரன். மற்றதில் பகைவன் வெளியிலிருந்து வந்த கிருமி. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் எப்படிப் பொருந்தும்?

இந்தக் கேள்வியைக் கேட்கவே ஒரு கண்டுபிடிப்பு தேவையாக இருந்தது. அமெரிக்க விஞ்ஞானி பரூச் பிளம்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதிய பொருளைக் கண்டார். 1965-ல் அதைப் பற்றி எழுதினார். அது பி கிருமியின் மேல் சட்டை என்பது பின்னர் விளங்கியது. ரத்தத்தில் அந்தச் சட்டை தெரிந்தால் உள்ளே கிருமி இருக்கிறது என்று அர்த்தம். 1976-ல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ம் தேதிதான் இன்று உலகக் கல்லீரல் அழற்சி தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இனி ஒரு சொட்டு ரத்தத்திலேயே நோயைப் பிரித்துப் பார்த்து விடலாம் என்ற நிலை வந்தது.

ஆங்காங் சோதனை

ஆங்காங் டாக்டர்கள் லண்டன் முடிவை அப்படியே ஏற்கவில்லை. தங்கள் ஊர் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்கள்.

பி கிருமியால் நீடித்த ஈரல் நோய் வந்த 51 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பிரட்னிசோலோன். மறு பிரிவுக்கு அதே போல இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. 'மருந்து சாப்பிடுகிறோம்' என்ற நம்பிக்கையாலோ, 'மருந்து கொடுத்திருக்கிறோம்' என்ற ஆசையாலோ கணக்குத் தவறி விடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

1981-ல் முடிவு வெளியாயிற்று. டாக்டர்கள் திடுக்கிட்டார்கள்.

ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு நோய் தணியத் தாமதமாயிற்று. தணிந்த நோய் திரும்புவதும் அவர்களுக்கே அதிகம். ஈரல் நோயின் விபரீதங்களும் சாவுகளும் அவர்களிடையேதான் அதிகமாக இருந்தன. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் மேல்!

திடீரென்று கடுமையாகும் வைரஸ் காமாலைக்கும் ஸ்டீராய்டு கைகொடுக்கவில்லை. அமெரிக்காவில் 1976-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஸ்டீராய்டு ஊட்டப்பட்டவர்களே அதிகமாக இறந்தார்கள். ஐரோப்பிய டாக்டர்கள் 1979-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் பலன் தெரியவில்லை.

லண்டனில் உயிர் காத்த மருந்து ஆங்காங்கில் உயிரைப் பறித்தது. குற்றம் மருந்தின் மேல் இல்லை. நோய் இன்னதென்று பிரித்துப் பார்க்காமல் கொடுத்ததுதான் குற்றம்.

ஏன் இப்படி?

பி கிருமி ஈரல் அணுவுக்குள் புகுந்து பெருகுகிறது. ஆனால் அது தானாக ஈரலை அதிகம் அழிப்பதில்லை. கிருமி புகுந்த அணுக்களைக் கண்டுபிடித்து அழிப்பது உடலின் காவல் படைதான். அந்தச் சண்டையில்தான் ஈரல் வீங்குகிறது.

ஸ்டீராய்டு கொடுத்தால் காவல் படை தூங்கி விடுகிறது. சண்டை நிற்கிறது. வீக்கம் குறைகிறது. நோயாளிக்குச் சுகமாக இருக்கிறது. ஆனால் கிருமிக்கு எதிர்ப்பு இல்லை. அது இஷ்டம் போலப் பெருகுகிறது.

இன்னொரு சங்கதியும் வெளிப்பட்டது. பி கிருமியின் மரபுப் பொருளிலேயே, ஸ்டீராய்டு வந்து தொட்டால் வேகம் பெறும் ஒரு பகுதி இருக்கிறது என்று 1986-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

காவல்காரனுக்குத் தாலாட்டு, திருடனுக்கு விருந்து!

அடுத்து வருவதுதான் அதிக ஆபத்து. ஒரு நாள் ஸ்டீராய்டை நிறுத்துகிறார்கள். தூங்கிய காவல் படை விழித்துப் பார்க்கிறது. ஈரல் முழுவதும் கிருமி! முன்னை விடப் பல மடங்கு ஆவேசத்தோடு பாய்கிறது. கிருமியோடு ஈரலும் அழிகிறது. சிலருக்கு ஈரல் அடியோடு செயலிழந்து, உயிரே போய் விடுகிறது.

இந்த ஆவேசத்தையே வைத்தியமாகப் பயன்படுத்த முடியுமா என்றும் டாக்டர்கள் யோசித்தார்கள். சில வாரம் ஸ்டீராய்டு கொடுத்து நிறுத்துவது; காவல் படை பாயும் சமயத்தில் இன்டர்பெரான் என்ற ஊசியையும் சேர்த்துப் போடுவது. இதுதான் திட்டம். அமெரிக்காவில் 169 பேரிடம் சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். இன்டர்பெரான் ஊசியை மட்டும் போட்டவர்களை விட மொத்தத்தில் பெரிய ஆதாயம் எதுவும் இல்லை. புலி வாலைப் பிடிக்கும் அந்த முறை மெல்ல மறைந்தது.

வேறு நோய்க்குச் சாப்பிட்டாலும்...

இன்று டாக்டர்கள் பி வகைக் காமாலைக்கு என்று ஸ்டீராய்டு கொடுப்பதில்லை. ஆனால் வேறு நோய்க்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் ஏராளம். முடக்கு வாதம், ஆஸ்துமா, சிறுநீரக நோய், தோல் நோய், புற்றுநோய் என்று பட்டியல் நீளும். அவர்களில் ஒருவருடைய ஈரலில் பி கிருமி சத்தமில்லாமல் படுத்திருந்தால்? ஸ்டீராய்டு அதை எழுப்பி விடும்.

தைவானில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய் வந்து, பி கிருமியும் இருந்த 50 பேருக்குப் புற்றுநோய் மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அதோடு ஸ்டீராய்டும் சேர்த்தார்கள். மறு பாதிக்கு ஸ்டீராய்டு இல்லை. 2003-ல் வெளியான முடிவு இது: ஸ்டீராய்டு சேர்த்தவர்களில் நூற்றுக்கு 73 பேர் வீதம் கிருமி விழித்துக் கொண்டது. சேர்க்காதவர்களில் நூற்றுக்கு 38 பேர்தான்.

ஆனால் ஸ்டீராய்டைச் சேர்க்காவிட்டால் புற்றுநோய் கட்டுப்படுவது சற்றுக் குறைவாக இருந்தது. ஆகவே 'ஸ்டீராய்டே வேண்டாம்' என்று தள்ளி விடவும் முடியாது.

இதற்கு வழி பிறந்து விட்டது. கிருமி பெருகுவதையே தடுக்கும் மாத்திரைகள் வந்து விட்டன. 1998-ல் லாமிவுடின் வந்தது. அதன் பலனை நிரூபித்த பெரிய சோதனையை நடத்தியவர் ஆங்காங் டாக்டர் லாய் சிங் லுங். 1981-ல் ஸ்டீராய்டின் தீமையை உலகுக்குக் காட்டிய குழுவில் இருந்தவரும் அவரே! பின்னர் இன்னும் சிறந்த எண்டகாவிர், டெனோபோவிர் மாத்திரைகள் வந்தன.

பி கிருமி உள்ள ஒருவருக்கு ஸ்டீராய்டு கட்டாயம் தேவை என்றால், முதலில் இந்த மாத்திரையைக் கொடுத்துக் கிருமியைக் கட்டிப் போடுகிறார்கள். பிறகுதான் ஸ்டீராய்டு. தினம் 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரட்னிசோலோனை 4 வாரத்துக்குக் குறையாமல் சாப்பிடும் பி கிருமிக்காரர்களை, அதிக ஆபத்துள்ளவர்கள் என்று டாக்டர்களின் வழிகாட்டிக் குறிப்புகள் சேர்த்திருக்கின்றன.

சி கிருமிக்கும் ஸ்டீராய்டு உதவாது. கிருமியின் எண்ணிக்கையைக் கூட்டவே செய்யும். ஆனால் அதற்கு நேரடியான மாத்திரைகள் இப்போது இருக்கின்றன. சுமார் 12 வாரம் சாப்பிட்டால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் கிருமி அடியோடு ஒழிந்து விடுகிறது.

ஆராய்ச்சி முடிந்து விட்டதா?

முடியவில்லை. பி கிருமியால் ஈரல் திடீரென்று செயலிழந்து போகும் கட்டத்தில், கிருமி மாத்திரையோடு சேர்த்து மிகச் சில நாள் ஸ்டீராய்டு கொடுத்தால் பயன் உண்டா என்று சீன டாக்டர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். சிலர் பலன் உண்டு என்கிறார்கள். சிலர் இல்லை என்கிறார்கள். முடிவு ஏற்படவில்லை. அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில், நிபுணர்களின் கண் பார்வையில் நடக்க வேண்டிய காரியம்.

தன் எதிர்ப்பு ஈரல் அழற்சிக்கோ, இன்றும் ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. அதனால் உயிர் பிழைத்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

எனவே, 'ஸ்டீராய்டு நல்லதா, கெட்டதா?' என்று கேட்பதே சரியல்ல. 'எந்த நோய்க்கு? உள்ளே என்ன கிருமி இருக்கிறது? பரிசோதித்தாயிற்றா?' என்று கேட்பதுதான் சரி.

குடும்பத்தார் கவனத்துக்கு

காமாலை கண்டால், எந்த வகை என்று ரத்தப் பரிசோதனை செய்து தெரிந்து கொள்ள வேண்டும். கண்ணில் மஞ்சள் குறைந்து விட்டது என்பதற்காக வைத்தியத்தைப் பாதியில் விடக் கூடாது.

நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னால், 'பி கிருமிக்கு ரத்தம் பார்க்கலாமா?' என்று கேட்பதில் தவறில்லை. நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். இந்தியாவில் வைரஸ் காமாலையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கப்பட்டது. அதன் கீழ் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பி, சி கிருமிகளுக்கு இலவசப் பரிசோதனையும் மருந்தும் உண்டு.

டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு விற்பது சட்டப்படி தவறு. பழைய சீட்டைக் காட்டி வாங்குவதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்லது செய்த மாத்திரையை வாங்கி விழுங்குவதும் ஆபத்து. 'ஒரே வேளையில் வலி பறக்கும்' என்று விற்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்து வைத்திருப்பது பல முறை பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது.

இன்னொன்று மிக முக்கியம். இதைப் படித்து விட்டு, ஏற்கனவே ஸ்டீராய்டு சாப்பிட்டு வருகிறவர்கள் பயந்து போய்த் திடீரென்று நிறுத்தி விடக் கூடாது! பல நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டால், அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கிப் போயிருக்கும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து வரும். டாக்டரைக் கேட்டு, சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட நல்ல மருந்து, நோயே வராமல் தடுப்பதுதான். பி கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி போட வேண்டும். பிறகு 6, 10, 14-வது வாரங்களில் மற்ற தடுப்பு மருந்துகளோடு சேர்த்துப் போடுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. தாயிடம் கிருமி இருந்தாலும், நேரம் தவறாமல் ஊசி போட்டால் பெரும்பாலான குழந்தைகள் தப்பி விடுகின்றன.

ஒரு மருந்தைப் புரிந்து கொள்ள 30 ஆண்டு ஆயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் வெள்ளையடித்த சுவரை நம்பி ஏமாந்தார்கள். இன்று ஒரு சொட்டு ரத்தம் உண்மையைச் சொல்லி விடுகிறது. அந்த ஒரு சொட்டைக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.